மயிலுக்குப் போர்வை: குளிர்காலப் பிராணி வளர்ப்பில் பேகன் பிழையும் கண்ணகிப் பிழையும்

ஆய்வுச் சிக்கல்

மார்கழி பிறந்துவிட்டால் தமிழ்நாட்டில் இரண்டு வகை நாய்களைக் காணலாம். ஒன்று, ஸ்வெட்டர் போட்ட நாய். மற்றது, அதைப் பார்த்துக் குரைக்கிற நாய். முதல் வகைக்குப் பெரும்பாலும் குளிர்வதில்லை. இரண்டாவது வகைக்குக் குளிர்கிறது, கேட்பாரில்லை. இந்த முரண் எங்கிருந்து வந்தது, இதற்குச் சங்கச் சான்று உண்டா, கால்நடை மருத்துவம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நாய், பூனை, கூண்டுப் பறவை, தொட்டி மீன் ஆகியவை ஆய்வு எல்லைக்குள் வருகின்றன. ஆடு மாடு கோழிகளைக் கவனிக்கத் தனித் துறையும் அதற்கு ஓர் அமைச்சரும் இருப்பதால் அவை விடப்பட்டன.

ஆய்வு முறை பற்றி ஒரு சொல். களப்பணிக்குப் போன நேரத்தில் தகவலாளிகளில் பெரும்பாலோர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்பிக் கேட்டபோது சிலர் உறுமினார்கள், ஒருவர் எழுந்து எதிர்ச்சாரிக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். ஆகவே அவர்கள் எங்கே, எந்தக் கோலத்தில் தூங்கினார்கள் என்பதே தரவாகக் கொள்ளப்பட்டது. மனிதர்களை வைத்து நடத்தும் ஆய்வுகள் பலவற்றைவிட இது நம்பகமானது. தூங்குகிறவர் பொய் சொல்வதில்லை.

முன்னோர் மொழிந்தவை

குளிருக்காக ஒரு பிராணிக்குத் துணி போர்த்திய முதல் தமிழன் யார் என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்: வையாவிக் கோப்பெரும் பேகன். கடையெழு வள்ளல்களில் ஒருவன், ஆவியர் குடியினன், ஊர் பொதினி, அதாவது இன்றைய பழனி. மலைச்சாரலில் ஒரு மயிலைப் பார்த்தான். அதற்குக் குளிர்கிறது என்று முடிவுகட்டினான். தன் மேலிருந்த போர்வையை எடுத்து அதற்குக் கொடுத்தான். மயிலுக்குப் போர்வையால் பயனில்லை என்று தெரிந்தேதான் கொடுத்தான் என்கிறது பரணர் பாட்டு. இதற்குக் கொடைமடம் என்று பெயரிட்டு நாம் இரண்டாயிரம் ஆண்டாகப் பாராட்டி வருகிறோம்.

உரையாசிரியர்கள் யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கால்நடை மருத்துவர் கேட்டிருப்பார்: மயிலுக்கு உண்மையிலேயே குளிர்ந்ததா? ராஜஸ்தானிலும் டெல்லியிலும் மயில்கள் சர்வ சாதாரணமாகத் திரிகின்றன. அங்கே ஜனவரி இரவில் 5 டிகிரிக்குக் கீழே போவது புதிதல்ல. ஒரு மயிலும் அதற்காகக் கம்பளி தேடிப் போனதில்லை. பறவை குளிரில் இறகை உப்பவைத்துக்கொண்டு நிற்பது, இறகுகளின் இடையே காற்றைச் சிறைபிடித்து வைப்பதற்காக. அந்தக் காற்றுதான் அதன் கம்பளி. மேலே கனமான ஒரு துணியைப் போட்டு அமுக்கினால் இறகு படியும், உள்ளே இருந்த காற்று போய்விடும். எனவே போர்வைக்கு முன்னால் சுகமாக இருந்த மயில், போர்வைக்குப் பின்னால்தான் முதன்முதலாக நடுங்கியிருக்கும் என்று கொள்ள இடமுண்டு.

அன்று குளிர்ந்தது பேகனுக்கு. தனக்குக் குளிர்கிறது, ஆகவே எதிரே நிற்கிற உயிருக்கும் குளிர்கிறது என்று முடிவுகட்டி, அதற்கு வேண்டாததை அன்போடு போர்த்துவதை இக்கட்டுரை இனிமேல் 'பேகன் பிழை' என்று குறிக்கும்.

அதே பேகனுக்கு வீட்டில் ஒரு மனைவி இருந்தார். பெயர் கண்ணகி. (சிலம்போடு மதுரைக்குப் போனவர் வேறு, இவர் வேறு.) இவரைத் தனியே விட்டுவிட்டு வேறொருத்தியிடம் போய்விட்டான் வள்ளல். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் அந்த அம்மாளுக்காகப் பரிந்து பேச வேண்டியிருந்தது. புறநானூற்றில் 143 முதல் 147 வரை ஐந்து பாட்டுகள் இந்த ஒரு குடும்ப விவகாரத்துக்கே போயின. அதிலும் பரணர் 145ஆம் பாட்டில் மயில் கதையை முதலில் நினைவூட்டிவிட்டுத்தான் மனைவி கதைக்கு வருகிறார். ஒரு வள்ளலை இதைவிட மரியாதையாகக் குத்திக்காட்ட முடியாது. தோகை உள்ளதற்குப் போர்வை கொடுத்துவிட்டு, உண்மையாகவே வாடி நிற்பவரைக் காணாமல் போவது 'கண்ணகிப் பிழை'. இவ்விரண்டு பிழைகளும் ஒரே ஆளிடம், ஒரே வீட்டில், ஒரே மாதத்தில் நிகழ்கின்றன என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

பழைய நூல்களில் சரியான களக்குறிப்பு வேண்டுமென்றால் பேகனை விட்டுவிட்டு நக்கீரரிடம் போக வேண்டும். நெடுநல்வாடையின் 188 அடிகளில் தலைவிக்குக் கிடைத்த இடத்தில் பாதியாவது விலங்குகளுக்குக் கிடைத்திருக்கலாம் என்பது ஒருபுறம் இருக்க, தொடக்கத்தில் அவர் எழுதியிருப்பவை துல்லியமானவை. கறவை மாடு பால் குடிக்க வந்த கன்றை உதைக்கிறது. வீட்டுப் புறா இரை தேடப் போகாமல் பலகையிலேயே காலை மாற்றி மாற்றி நிற்கிறது. இந்தக் கடைசிக் குறிப்பை எந்தப் பறவையியல் மாணவரும் ஒப்புக்கொள்வார். இறகு மூடாத கால் வழியாகச் சூடு வெளியேறுவதால், குளிரில் பறவைகள் ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்து வைத்துக்கொண்டு மறுகாலில் நிற்கின்றன. நக்கீரர் யாருக்கும் போர்வை கொடுக்கவில்லை. பார்த்தார், எழுதினார். ஆய்வாளருக்கு அழகு அதுதான்.

குளிரின் அளவு

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்குப்படி, சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ போனால்தான் குளிர் அலை என்ற பேச்சை எடுக்கலாம். மலையில் 0 டிகிரி. கடலோரத்தாருக்குக் கொஞ்சம் சலுகை உண்டு, 15 டிகிரி. சென்னையின் பதிவேட்டிலுள்ள மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும் பதிவானது. அதற்குப் பிறகு பிறந்த சென்னைவாசிகள் அனைவரும் குரங்குக் குல்லா அணிவது 20, 21 டிகிரியில் என்பதை இங்கே வருத்தத்துடன் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

பிராணிகளின் கணக்கு வேறு. சூட்டைக் காக்கவோ தணிக்கவோ உடம்பு கூடுதலாக எந்தச் செலவும் செய்யாமல் சும்மா இருக்கக்கூடிய வெப்பநிலை ஒவ்வோர் உயிருக்கும் உண்டு. நாய்க்கு அது சுமார் 20 முதல் 30 டிகிரி. பூனைக்குச் சுமார் 30 முதல் 38 டிகிரி. இந்த இரண்டு வரிகளையும் சமையலறைக் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவைக்கலாம். மார்கழிதான் சென்னை நாய்க்கு வசந்த காலம் என்பது முதல் வரியிலிருந்து கிடைக்கும் முடிவு. அக்னி நட்சத்திரம் ஒன்றுதான் பூனைக்குப் பருவநிலை சரியாக இருக்கும் காலம், மற்ற நாளெல்லாம் அது சகித்துக்கொண்டிருக்கிறது என்பது இரண்டாவது வரியின் முடிவு. பூனையின் முகத்தில் ஆண்டு முழுவதும் தெரிகிற அந்த அதிருப்திக்கு இதுவரை சொல்லப்பட்ட காரணங்களில் இதுவே அறிவியலுக்கு நெருக்கமானது.

இன்னொன்று. நாயின் இயல்பான உடற்சூடு 38.3 முதல் 39.2 டிகிரி வரை. நம்முடையதைவிட இரண்டு டிகிரி கூடுதல். மார்கழிக் காலையில் சில்லிட்ட கையை நாயின் வயிற்றில் வைத்துவிட்டு, ஐயோ காய்ச்சல் கொதிக்கிறதே என்று பதறுகிறவர்கள் தங்கள் கையைத்தான் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பேகன் பிழை: ஒரு நேர்காணல்

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் கீழே, காலை ஆறு மணிக்குக் கிடைத்த தரவு. சிவப்பு ஸ்வெட்டர், நான்கு காலுக்கும் காலுறை, கழுத்தில் மஃப்ளர் சகிதம் ஒரு ஹஸ்கி நின்றுகொண்டிருந்தது. பெயர் ப்ரூனோ.

"ராத்திரி பூரா நடுக்கம் சார் இவனுக்கு," என்றார் உரிமையாளர்.

"நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்குதே சார்?"

"அதான் சொல்றேன். குளிர்ல அப்படித்தான் பண்ணுவான்."

ப்ரூனோ அப்போது நடைபாதையின் ஈரமான கருங்கல் பலகையைத் தேடிப் போய், ஸ்வெட்டர் மூடாத வயிற்றுப் பகுதியை அதன்மேல் முழுவதுமாகப் பரப்பிப் படுத்தது. உரிமையாளர் குனிந்து, "கல்லு ஜில்லுன்னு இருக்கும்டா கண்ணா, எழுந்திரு," என்று தூக்கி நிறுத்தினார். அது மறுபடியும் படுத்தது. நாய் தன் வாக்குமூலத்தை இதைவிடத் தெளிவாகத் தர முடியாது.

சைபீரியாவின் சுக்சி மக்கள் பனியில் வண்டி இழுக்க வளர்த்தெடுத்த இனம் இது. 1925இல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் பரவியபோது, பனிப்புயலில் மருந்தை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தது இந்தக் குலம். ஹஸ்கியின் உரோமம் இரண்டு அடுக்கு. உள்ளே பஞ்சு போல அடர்ந்த ஒன்று, வெளியே ஈரத்தைத் தள்ளிவிடும் நீண்ட மயிர் ஒன்று. சைபீரியாவுக்கே போதுமான இந்த ஏற்பாட்டின் மேல் திருப்பூர் ஸ்வெட்டரைப் போட்டால், பேகன் மயிலுக்குச் செய்தது மறுபடியும் நடக்கிறது. உரோமம் அமுங்குகிறது, அடியில் ஈரம் தங்குகிறது, தோல் புண்ணாகிறது. சௌ சௌ, ஜெர்மன் ஷெப்பர்ட், பொமரேனியன் எல்லோருக்கும் இதே கதைதான்.

ஸ்வெட்டரே கூடாது என்பதல்ல ஆய்வாளரின் வாதம். குட்டை மயிர் நாய், ஒல்லி நாய், கிழ நாய், நோயிலிருந்து தேறிவரும் நாய், கையடக்கமான சிவாவா வகையறா, இவற்றுக்கு அது தேவைதான். அக்குளில் உரசாமல், நனைந்தால் உடனே கழற்றி, வீட்டுக்குள் வந்ததும் எடுத்துவிட்டால் சரி. ஆனால் இந்தப் பட்டியலில் உள்ள நாய்களிடம் ஸ்வெட்டர் இருப்பதில்லை. அதுதான் அடுத்த இயல்.

கண்ணகிப் பிழை

2005 ஜனவரி 9 அன்று இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ஒன்று ராஜபாளையம். தபால்தலையில் ஏறிய அந்த ராஜபாளையம், அதன் உறவினர்களான சிப்பிப்பாறை, கன்னி எல்லாமே ஓடுவதற்காகவே ஆன உடம்பு. விலா எலும்பு தெரியும், தோல் மெல்லியது, மயிர் குட்டையானது, கொழுப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. கரிசல் காட்டு வெயிலுக்கு அது வரம். மார்கழி இரவுக்கு அது தண்டனை. இதைத்தான் நாம் வாசற்கேட்டில் இரும்புச் சங்கிலியால் கட்டி, சிமெண்டுத் தரையில் படுக்கவைத்துவிட்டு உள்ளே போய்ப் போர்த்திக்கொண்டு தூங்குகிறோம். மாடியில் ஹஸ்கிக்கு மெத்தை, கீழே ராஜபாளையத்துக்குத் தரை. இரண்டும் ஒரே வீட்டு நாய்களாக இருப்பதும் உண்டு.

நாயின் சூட்டைக் காற்றைவிட அதிகமாகக் களவாடுவது தரை. சிமெண்டும் டைல்ஸும் கிரானைட்டும் படுத்திருக்கிற உடம்பிலிருந்து விடிய விடியச் சூட்டை உறிஞ்சுகின்றன. தெருநாய்க்கு இது தெரியும். வீடு கட்டக் கொட்டிவைத்த மணல் மேட்டின் உச்சியில் குழி பறித்து, மூன்று சுற்றுச் சுற்றி, மூக்கை வாலுக்குள் செருகிப் படுக்கிறதே, அது வெறும் வழக்கமல்ல, பொறியியல். மணல் மேடு இல்லாத தெருவில் டீக்கடை அடுப்புச் சாம்பல். அதுவும் இல்லையென்றால் அப்போதுதான் வந்து நின்ற ஆட்டோவின் அடி. சுருண்டு படுக்கையில் வெளியே தெரிகிற பரப்பு குறைகிறது. மயிர் குறைந்த வயிறும் மூக்கும் உள்ளே போய்விடுகின்றன. நான்கு பாதங்களை மட்டும் தரையில் வைத்துத்தானே ஆக வேண்டும் என்று கேட்கலாம். 2011இல் ஹிரோயோஷி நினோமியா என்ற ஜப்பானிய ஆய்வாளரும் அவர் குழுவினரும் நாயின் பாதத்தை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பாதத்துக்கு இறங்கும் சூடான ரத்தக்குழாயைச் சுற்றியே, மேலேறும் குளிர்ந்த ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. இறங்குகிற சூடு வழியிலேயே கைமாற்றப்பட்டு உடம்புக்குத் திரும்பிவிடுகிறது.

இந்த இடத்தில் நம் பாட்டிமார்களின் கதை ஒன்றை மறுவாசிப்புக்கு உட்படுத்த வேண்டும். குளிர் இரவில் நாய், விடிந்ததும் முதல் வேலையாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்று நினைக்குமாம். வெயில் வந்ததும் மறந்துவிடுமாம். சோம்பேறிகளுக்குச் சொல்லப்படும் கதை. ஆனால் மணல் குழியும் சுருளும் பாதத்துக் குழாயும் இருக்கையில் வீட்டுக் கடன் எதற்கு என்று நாய் முடிவுசெய்திருக்கலாம். கதையில் நஷ்டப்பட்டவர் கொத்தனார் மட்டுமே.

கட்டிப்போட்ட நாய்க்கு இந்தத் தெரிவுகள் எதுவும் கிடையாது. சங்கிலி எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அதன் பூகோளம். எனவே பொறுப்பு கட்டியவருடையது. ஒரு பலகையோ பழைய கயிற்றுக் கட்டிலோ தரையிலிருந்து நாலு விரற்கடை உயர்ந்து நின்றால் பாதிக் குளிர் போய்விடும். அதன்மேல் கோணிச் சாக்கை இரண்டாக மடித்துப் போட்டு, பகலில் வெயிலில் காயவைக்க வேண்டும். வெளியே கூண்டு என்றால் துணியைவிட வைக்கோல் நல்லது. துணி பனியைக் குடித்து ஈரமாகவே கிடக்கும், வைக்கோல் காற்றைப் பிடித்துவைக்கும். கூண்டு பெரிதாக இருந்தால் நாயின் சூடு அதை நிரப்பாது, எழுந்து திரும்பிப் படுக்க இடமிருந்தால் போதும். வாசல் தெற்குப் பார்த்து இருக்க வேண்டும். வாடை வடக்கிலிருந்து வருகிறது. தெற்கு வாசலுக்கு வாஸ்து நிபுணர் ஆட்சேபம் தெரிவித்தால் அவரை ஓரிரவு வடக்கு வாசல் கூண்டில் படுக்கச் சொல்லிப் பார்க்கலாம்.

"நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்" என்று தொடங்கும் பழமொழியின் நோக்கம் நாயை அவமானப்படுத்துவது. ஆயினும் மருத்துவ நோக்கில் அதன் பிற்பாதி மிகச் சரியானது: குளிர் இரவில் நாய் இருக்க வேண்டிய இடம் நடுவீடு. முற்பாதிதான் தவறு. மார்கழியில் அடிக்கடி குளிப்பாட்டக் கூடாது. குளிப்பாட்டியே ஆகவேண்டுமென்றால் வெயில் ஏறிய பின் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, அடிமயிர் வரைக்கும் துவட்ட வேண்டும். நனைந்த உரோமம் காக்காது.

தெருநாய்கள் பெரும்பாலும் ஐப்பசிக்கும் தைக்கும் இடையில்தான் குட்டி போடுகின்றன. பிறந்த முதல் சில நாட்களில் குட்டிகளுக்கு நடுங்கும் திறன்கூடக் கிடையாது. தாயின் வயிறும் உடன்பிறந்தவர்களின் முதுகும்தான் அவற்றின் அடுப்பு. தாய் இரை தேடப் போன நேரத்தில் ஒரு குட்டி மட்டும் தனியே உருண்டு போய்விட்டால் அது விடிவதற்குள் இறந்துபோகலாம். படிக்கட்டின் கீழே ஓர் அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்துவைத்து அதில் பழைய சாக்கைப் போட எந்தக் குடியிருப்போர் சங்கத்தின் தீர்மானமும் தேவையில்லை. பெரிய நாயானாலும் குட்டியானாலும், நடுங்கிக்கொண்டிருந்தது நடுக்கத்தை நிறுத்திவிட்டு மந்தமாகக் கிடந்தால் குளிர் விட்டுவிட்டது என்று பொருளல்ல. உடம்பு கைவிட ஆரம்பித்துவிட்டது. உலர்ந்த துணியில் சுற்றி உடனே மருத்துவரிடம் ஓட வேண்டிய நேரம் அது.

பூனை: தனி இயல்

அடுப்பில் பூனை தூங்குகிறது என்றால் அந்த வீட்டில் உலை வைத்து நாளாகிறது என்று அர்த்தம். தமிழில் வறுமைக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் இல்லை. ஆனால் 30 டிகிரிக்குக் குறைந்தாலே குளிரும் ஒரு பிராணியின் பக்கத்திலிருந்து பார்த்தால், விறகடுப்பின் சாம்பல் அதன் வாழ்விடம். எரிவாயு அடுப்பு வந்ததும் பூனை அகதியானது. அதற்குப் பிறகு அது எங்கெங்கே குடியேறியது என்பதைத் தொகுத்தால் தமிழ் வீடுகளின் மின்மயமாக்க வரலாறே கிடைத்துவிடும். முதலில் வால்வு ரேடியோவின் தலை, பிறகு பழைய டிவிப் பெட்டியின் முதுகு. டிவி தட்டையானதும் செட்டாப் பாக்ஸ். அதற்கப்புறம் இன்வெர்ட்டர், மோடம், மடிக்கணினியின் விசைப்பலகை. பூனை ஒரு வீட்டில் எங்கே படுத்திருக்கிறதோ அங்கே மின்சாரம் வீணாகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பூனை திடப்பொருளா திரவமா என்று ஆராய்ந்ததற்காக மார்க் அந்துவான் ஃபார்தின் என்ற பிரெஞ்சு இயற்பியலாளருக்கு 2017இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. பாத்திரத்தின் வடிவை ஏற்பதால் அது திரவம் என்றும் வாதிடலாம். குளிர்காலத் தரவு வேறு வடிவைக் காட்டுகிறது: வெப்பம் இறங்க இறங்கப் பூனை கோளமாகிறது. காலும் வாலும் உள்ளே மறைந்து, ஒரே கன அளவுக்கு மிகக் குறைந்த மேற்பரப்பை அடைகிறது. கணித ஆசிரியர்கள் கரும்பலகையில் நிறுவ ஒரு வகுப்பு எடுத்துக்கொள்வதைப் பூனை கொட்டாவி விட்டபடி செய்துமுடிக்கிறது.

பூனைக்குச் செய்ய வேண்டியது குறைவு. உயரமான இடத்தில், காற்று படாத மூலையில், அது நுழையும் அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே கம்பளித் துண்டு. விலை கொடுத்து வாங்கிய பூனைப் படுக்கையை அது நிராகரிக்கும். அது வந்த பெட்டியை ஏற்றுக்கொள்ளும்.

கைவைத்தியம் என்னும் அபாயம்

இந்த இயலில் மட்டும் ஆய்வாளர் சிரிக்கப் போவதில்லை. குளிர்காலத்தில் நம் வீட்டுப் பிராணிகளுக்குக் குளிரைவிட அதிகக் கேடு செய்வது நம்முடைய அக்கறை. தும்மினால் தைலம், இருமினால் ரசம், சுருண்டால் மாத்திரை என்று நமக்குச் செய்துகொள்வதை அப்படியே அவற்றுக்கும் செய்கிறோம். போர்வையால் மயில் சாகவில்லை. மாத்திரையால் பூனை சாகும்.

பாரசிட்டமால் பூனைக்கு விஷம். அதை முறித்து வெளியேற்றும் வேதிவழி பூனையின் கல்லீரலில் மிகவும் பலவீனம். ஒரே ஒரு மாத்திரை போதும். ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சுத் திணறும். குழந்தைகளுக்கான சொட்டு மருந்துதானே என்று கொடுப்பதும் அதே பாரசிட்டமால்தான். பூண்டு ரசம் அடுத்தது. பூண்டும் வெங்காயமும் பச்சையாக இருந்தாலும் வெந்திருந்தாலும் நாய், பூனை இரண்டின் சிவப்பணுக்களையும் சிதைக்கும். மருமகன் சளிக்கு வைத்த ரசத்தில் மிச்சத்தை நாய்ச் சோற்றில் ஊற்றுவது அன்பல்ல. நீலகிரித் தைலம் இன்னொன்று. 1843இல் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட யூகலிப்டஸ் மரத்தின் எண்ணெய் நம் நெஞ்சுக்கு இதம், நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. மேலே தடவினால் நக்கும், நக்கினால் உள்ளே போகும். கற்பூரம் கலந்த களிம்புகளுக்கும் இதே தடைதான்.

மார்கழி வெண்பொங்கல் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நெய்யும் முந்திரியுமாய்க் கோயிலிலிருந்து தொன்னையில் வந்ததை நாய்க்கு ஒரு வாய் கொடுக்காமல் தின்பது பாவம்தான். ஆனால் கொழுப்பு மிகுந்த உணவு நாயின் கணையத்தை வீங்கவைக்கும். குளிர்காலத்தில் அதிகச் சோறு வெளியே கிடக்கிற நாய்க்குத்தான் வேண்டும். சோபாவில் படுத்திருக்கிற நாய்க்கு வழக்கமான அளவே மிகுதி.

மலை மேல்

இதுவரை சொன்ன கேலியெல்லாம் சமவெளிக்கு. ஊட்டி கடல் மட்டத்துக்கு 2,240 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தாவிலும் அவலாஞ்சியிலும் புல்வெளி விடியற்காலையில் உப்புக் கொட்டிய வயலாக வெளுத்துக் கிடக்கும். உறைபனி விழுந்தால் வெப்பநிலை 0 டிகிரியைத் தொடும், சில இரவுகளில் அதற்கும் கீழே போகும். முற்றத்தில் வைத்த நாயின் தண்ணீர்க் கிண்ணத்தில் கண்ணாடித் தகடு போல் ஒரு பனிப்படலம் கட்டியிருக்கும். நாய் மூக்கால் முட்டிப் பார்த்துவிட்டுத் தாகத்தோடு திரும்பிவிடும். காலையில் அதை உடைத்து வெதுவெதுப்பான நீர் ஊற்ற வேண்டும் என்பது மலையில் நாய் வளர்ப்பவருக்கு முதல் பாடம்.

இரண்டாவது பாடத்தைக் குளிர் சொல்வதில்லை, சிறுத்தை சொல்கிறது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இரவில் வீட்டு வாசலில் படுத்திருந்த நாயைச் சிறுத்தை கவ்விக்கொண்டு போகும் காட்சி கண்காணிப்புக் கேமராவில் பதிவாகிச் செய்தியாவது புதிதல்ல. குளிருக்காக இல்லாவிட்டாலும் சிறுத்தைக்காகவாவது அங்கே நாயை இரவில் உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவார்கள். நடுவீட்டுக் கொள்கை சட்டமில்லாமல் அமலாவது இந்த ஒரு மாவட்டத்தில்தான்.

கதவைச் சாத்தியபின் கணப்பு மூட்டுவார்கள். இரும்புச் சட்டியில் கரித்துண்டுகளைப் போட்டு அறை நடுவே வைப்பதில் உள்ள ஆபத்து மனிதனுக்கும் பிராணிக்கும் ஒன்றே. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமுமில்லை, வாடையுமில்லை. தூங்குகிறவர் எழுந்திருப்பதில்லை. ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்து, படுக்கப் போகுமுன் கணப்பை வெளியே வைத்துவிட வேண்டும். சுற்றுலா முடித்துத் திரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ஊட்டி வர்க்கியில் ஒரு துண்டு நாய்க்குக் கிடைத்தால் பெரிய தீங்கில்லை. ஊட்டி சாக்லேட் கூடவே கூடாது. அதிலுள்ள தியோப்ரோமின் நாயின் இதயத்தைத் தடுமாறச் செய்யும். கறுப்பு சாக்லேட்டில் அது இன்னும் அதிகம்.

கூண்டும் தொட்டியும்

சுரங்கங்களில் விஷவாயுவை முன்கூட்டியே அறிய, பிரிட்டனில் 1986 வரை கேனரிப் பறவைகளை வைத்திருந்தார்கள். வேகமாக மூச்சுவிடும் அந்தச் சிறிய உடம்பு மனிதனுக்கு முன்பே விழுந்துவிடும். இதே காரணத்தால் கொசுவர்த்தி, சாம்பிராணி, கணப்பு மூன்றும் எரியும் அறையில் லவ் பேர்ட்ஸ் கூண்டைத் தொங்கவிடக் கூடாது. இரவில் கூண்டின் மூன்று பக்கத்தைத் துணியால் மூடி, ஒரு பக்கம் காற்றுக்கு விட்டால் போதும். பேகன் போர்வைக்கு உகந்த பயன் கிடைக்கும் ஒரே இடம் இது, அதாவது பறவையின் மேல் போடாமல் கூண்டின் மேல் போடுவது. பச்சைக்கிளி வைத்திருப்பவர்களுக்கு ஆலோசனை கிடையாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம்.

மீனுக்குத் தன் சூட்டைத் தானே உண்டாக்கும் வசதி இல்லை. நீர் என்னவோ அதுதான் அதன் உடம்பு. சென்னைக் கொளத்தூரில் வாங்கிவந்த வண்ண மீன்களில் பெரும்பாலானவை வெப்ப நாட்டு மீன்கள், 24 முதல் 28 டிகிரியில் சுகமாக இருப்பவை. நீர் திடீரென்று குளிர்ந்தால் வெண்புள்ளி நோய் தொற்றும், உப்புத் தூவினாற்போல் உடம்பெங்கும் புள்ளி வரும். ஒரு லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கில் ஹீட்டர் வைத்தால் சரியாகப் போகும். தொட்டி நீரை மாற்றுகையில் குழாயிலிருந்து நேரே பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

எஞ்சின் மூடி

ஒன்று பாக்கி. இரவில் நிறுத்திய காரின் எஞ்சின் வெகுநேரம் லேசான சூட்டோடு இருக்கும். 30 டிகிரி தேடி அலைகிற பூனைக்கு அதைவிட நல்ல சத்திரம் ஊரில் கிடையாது. அடியிலிருந்து ஏறி, விசிறி வாருக்குப் பக்கத்தில் கோளமாகிப் படுத்துவிடும். சாவி திருகினால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. நாய்க்குட்டிகள் சக்கரத்தை ஒட்டிப் படுக்கும். 2023 ஜூலையில் மழைக்காலத்தை முன்னிட்டு, வண்டியை எடுக்குமுன் கீழே பார்க்கும்படி ரத்தன் டாடா பொதுவில் வேண்டுகோள் விடுத்தார். கார் செய்து விற்றவரே சொன்னபின் ஆய்வாளர் புதிதாக நிறுவ ஒன்றுமில்லை.

எனவே வாசகர்களே, நாளைக் காலை வண்டியில் ஏறுமுன் முன்மூடியைக் கையால் இரண்டு தட்டுத் தட்டுங்கள், குனிந்து நான்கு சக்கரத்தையும் பாருங்கள், ஹாரனை ஒருமுறை அழுத்திவிட்டுக் கொஞ்சம் பொறுத்துச் சாவியைத் திருப்புங்கள்.